ஒரு சீசன் போச்சு... அந்த வருடம் திரும்பக் கிடைத்ததா? கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கல்லூரி வீரர்களின் கணக்கு!

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் மாலை நேரத்தில் நின்று பார்த்தால் இரண்டு விதமான பைகள் கண்ணில் படும். ஒன்று, ஷூவும் ஜெர்சியும் திணித்த ஸ்போர்ட்ஸ் பேக். பொன்னேரி, கவரைப்பேட்டை பக்கத்துக் கல்லூரிகளில் பயிற்சி முடித்து வீடு திரும்பும் மாணவர்களுடையது. இன்னொன்று, டிபன் பாக்ஸும் யூனிஃபார்மும் வைத்த பை. சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வருபவர்களுடையது. அந்தப் பைகளைச் சுமக்கும் தோள்களுக்குப் பல நேரம் ஒரே வயதுதான். இருபது, இருபத்தொன்று.

முதல் பையைச் சுமந்தவர் ஒருநாள் இரண்டாவது பைக்கு மாறுவது இந்தப் பக்கத்தில் புதுக் கதை இல்லை. டிகிரி முடியும், கம்பெனி பஸ் வரும், மைதானம் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆகிவிடும். ஆனால், அதற்கு முன்னால் பல்கலைக்கழக ஜெர்சி போட்டு ஒரு முறையாவது ஆடிவிட வேண்டும் என்பதுதான் கல்லூரி வீரர்கள் பலருடைய கணக்கு. கொரோனா அந்தக் கணக்கில் கை வைத்தது. ஒரு சீசன் முழுதாகப் போனது, அடுத்தது பாதியாகத் தேய்ந்தது.

போனதை யாராவது திருப்பித் தந்தார்களா? உலகத்தின் சில மூலைகளில் தந்தார்கள். சில இடங்களில் தர முயன்றும் முடியவில்லை. நம்ம ஊரில் நடந்தது வேறு ஒரு தினுசு.

அமெரிக்கா திருப்பித் தந்த வருடம்

கல்லூரி விளையாட்டு என்றால் அமெரிக்காவில் அது தனி உலகம். டி.வி ஒளிபரப்பு, லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியம், ஸ்காலர்ஷிப் என்று பெரிய வியாபாரம். என்.சி.ஏ.ஏ என்கிற அமைப்புதான் விதிகளை வகுக்கிறது. அதன் முதல்நிலைப் பிரிவில் நீண்ட காலமாக இருந்த விதி எளிமையானது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடம் கடிகாரம் ஓடும். அதற்குள் நான்கு சீசன் மட்டும் ஆடலாம். காயம் பட்டோ, பெஞ்சில் உட்கார்ந்தோ ஒரு வருடம் வீணானால் ஈடுகட்ட அந்த ஐந்தாவது வருடம் இருக்கும்.

2020 மார்ச் 12 அன்று அந்த அமைப்பு குளிர்காலப் பருவத்தின் கடைசிப் போட்டிகளையும், வசந்தகாலப் போட்டிகளையும் மொத்தமாக ரத்து செய்தது. அப்போதுதான் சீசன் தொடங்கியிருந்த பேஸ்பால், சாஃப்ட்பால், தடகள வீரர்கள் அப்படியே வீட்டுக்குப் போனார்கள். 18 நாள்தான். மார்ச் 30 அன்று கூடி ஓட்டெடுத்து, வசந்தகால விளையாட்டு வீரர்கள் எல்லோருக்கும் ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் இலையுதிர்கால விளையாட்டுகளுக்கும், அக்டோபரில் குளிர்கால விளையாட்டுகளுக்கும் அதே சலுகை வந்தது. 2020-21-ல் ஒருவர் எத்தனை ஆட்டம் ஆடியிருந்தாலும் அது அவருடைய நான்கு சீசன் கணக்கில் சேராது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், உள்ளே ஒரு கொக்கி. வசந்தகால விளையாட்டுகளில் கடைசி வருடத்தில் இருந்தவர்கள் கூடுதல் வருடம் தங்கினால், பழைய ஸ்காலர்ஷிப் தொகையை முழுதாகக் கொடுக்க வேண்டும் என்று கல்லூரிகளுக்குக் கட்டாயம் இல்லை. அதே தொகை கொடுக்கலாம், குறைக்கலாம், ஒன்றுமே கொடுக்காமலும் விடலாம். 'ஆட அனுமதி உண்டு, ஃபீஸ் உங்கள் பாடு' என்று அர்த்தம். வசதி இருந்தவர்கள் தங்கினார்கள். இல்லாதவர்கள் வேலை தேடிப் போனார்கள்.

இன்னொரு பக்கம், மூத்தவர்கள் இடத்தைக் காலி செய்யாததால் பள்ளி முடித்து வந்த பிள்ளைகளுக்கு அணியில் இடம் குறைந்தது. காயத்துக்குக் கிடைத்த சலுகைகளும் கொரோனா வருடமும் சேர்ந்து, மயாமி பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர் கேம் மெக்கார்மிக் 2024-ல் தன் ஒன்பதாவது கல்லூரி சீசனை ஆடினார். நம் வீட்டில் ஒரு பிள்ளை ஒன்பது வருடம் காலேஜ் போனால் என்ன பேச்சு கிளம்பும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2024-25-ஓடு அந்தக் கொரோனா தலைமுறை பெரும்பாலும் மைதானத்தை விட்டு இறங்கிவிட்டது.

2018-ல் சேர்ந்தவர், 2019-ல் சேர்ந்தவர்

இப்போது நம் பக்கம் வருவோம். முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். திருவள்ளூர் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதில்லை. அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது வேலூரில். பொன்னேரி, திருத்தணி அரசுக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. பொறியியல் கல்லூரிகள் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். அதனால் பழவேற்காடு பக்கத்து மாணவர் பல்கலைக்கழக அணிக்குள் நுழைய வேண்டும் என்றால், சென்னை நகரத்துப் பெரிய கல்லூரிகளின் வீரர்களோடு மோதித்தான் நுழைய வேண்டும்.

அந்தப் பாதை இப்படிப் போகும். முதலில் கல்லூரி அணி. அடுத்து கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. தடகளம் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.முதலியார் நினைவுப் போட்டிதான் பெரிய மேடை. அதில் கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணித் தேர்வு. பிறகு தென்மண்டலப் போட்டி, அங்கே முன்னேறும் அணிகளுக்கு அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. இதையெல்லாம் நடத்துவது ஏ.ஐ.யு என்று சொல்லப்படும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம்.

முதல் வருடம் வந்து சேர்ந்தவுடன் யாரும் பல்கலைக்கழக அணிக்குப் போய்விடுவதில்லை. முதல் வருடம் சீனியர்களுக்குப் பந்து பொறுக்கிப் போடுவது, இரண்டாம் வருடம் கல்லூரி அணியில் நிலைப்பது, மூன்றாம் வருடம் தேர்வுக்குப் போவது. பலருக்கு இப்படித்தான்.

அந்த மூன்று வருடத்தைத் தேதிகளோடு பொருத்திப் பாருங்கள். 2018-ல் பி.ஏ சேர்ந்தவருக்கு மூன்றாம் வருடம் 2020-21. 2020 மார்ச் மத்தியில் மூடிய கல்லூரி, இறுதியாண்டு இளங்கலை மாணவர்களுக்குத் திறந்தது டிசம்பர் 7-ம் தேதி. அதுவும் பாடத்துக்காக. மைதானத்தில் கூடி ஆடுகிற நிலைமை அப்போது இல்லை. 2021 மார்ச்சில் மறுபடி மூடினார்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வழக்கமான போட்டிகள் அந்தக் கல்வியாண்டில் நடக்கவில்லை. தயாராகி நின்ற வருடமே காணாமல் போனது.

2019-ல் சேர்ந்தவருக்கு இரண்டாம் வருடம் முழுசாகப் போனது. மூன்றாம் வருடம், 2021 செப்டம்பர் 1-ல் கல்லூரி திறந்தது. நான்கு மாதம் ஓடியதுமே 2022 ஜனவரியில் மூன்றாவது அலை. திரும்பவும் மூடி, பிப்ரவரி 1-ல் திறந்தார்கள். 2020-ல் சேர்ந்தவர்தான் கொஞ்சம் தப்பித்தார். அவருக்கு 2022-23 என்று ஒரு முழு வருடமாவது மிச்சம் இருந்தது.

தேசிய அளவிலும் அதே இடைவெளிதான். முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டி புவனேஸ்வரத்தில் 2020 மார்ச் 1 அன்று முடிந்தது. இரண்டாவது, பெங்களூருவில் தொடங்கியது 2022 ஏப்ரல் 24 அன்று. நடுவில் இரண்டு வருடத்துக்கும் மேல். மூன்று வருடப் படிப்பில் இரண்டு வருடம் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வயது இருக்கு, சீட் இல்லை!

அப்படியானால் நம் மாணவர்களுக்கும் ஒரு வருடம் வயது வரம்பை ஏற்றிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? இங்கேதான் விஷயம் திரும்புகிறது.

ஏ.ஐ.யு போட்டிகளில் ஆட வயது 17-லிருந்து 25 வரை. ஜூலை 1-ம் தேதி கணக்கு. 2018-ல் 17, 18 வயதில் சேர்ந்த பிள்ளை 2021-ல் டிகிரி முடிக்கும்போது வயது 20 அல்லது 21. வயது வரம்புக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அமெரிக்கா ஓட்டெடுத்துக் கொடுத்ததைவிட மூன்று வருடம் அதிகமாகவே நம் விதியில் ஏற்கெனவே உள்ளது!

ஆனால், அதே விதிப்புத்தகத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆடுகிறவர் கல்லூரியில் ரெகுலராக, முழுநேரமாகப் படிக்கிற மாணவராக இருக்க வேண்டும். முழுநேர வேலையில் இருப்பவருக்கு இடம் இல்லை. டிகிரி முடித்து டி.சி வாங்கிய நாளிலேயே, வயது 20-ஆக இருந்தாலும், அவர் பல்கலைக்கழக வீரர் இல்லை. தபால் வழியில் எம்.ஏ போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்றால் அதுவும் இங்கே செல்லாது.

ஆக, தொலைந்த வருடத்தை மீட்க ஒரே வழி, ரெகுலரில் மேற்படிப்பு சேர்வது. எம்.ஏ, எம்.எஸ்ஸி, அல்லது உடற்கல்வி ஆசிரியர் ஆகிற எண்ணம் இருந்தால் இரண்டு வருட பி.பி.எட். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ மாதிரியான கல்லூரிகளில் அந்த வகையில் தொடர்ந்து ஆடுபவர்கள் உண்டு. சென்னையிலும் புறநகரிலும் சில தனியார் கல்லூரிகள் நல்ல வீரர் என்றால் ஃபீஸையும் ஹாஸ்டல் செலவையும் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. ஆனால், அந்தக் கதவு யாருக்குத் திறக்கும்? ஏற்கெனவே பல்கலைக்கழக அளவில் ஆடிக் காட்டியவருக்கு. ஆடிக் காட்ட வேண்டிய வருடம்தானே காணாமல் போனது?

இது பூட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை.

இதில் குடும்பச் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021-ல் டிகிரி முடித்தவர்கள் வீட்டில் அப்போது என்ன நிலைமை? ஊரடங்கில் வருமானம் போயிருந்தது. இரண்டாவது அலையில் சில வீடுகளில் சம்பாதித்தவரே போயிருந்தார். ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி சிப்காட். இரும்பு உருட்டாலை, உதிரிபாகக் கம்பெனி, கான்ட்ராக்ட் ஆள் எடுக்கும் ஏஜென்ட் எல்லாம் பக்கத்தில். இரண்டு வருடம் எம்.ஏ படித்து வாலிபால் ஆடுகிறேன் என்று அந்த நேரத்தில் அப்பாவிடம் சொல்ல எத்தனை பிள்ளைகளுக்கு வாய் வரும்?

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கம். பயிற்சி முடிந்து இருட்டிய பிறகு ரயிலேறி வருவதற்கே பல வீடுகளில் மூன்று வருடம் போராட வேண்டும். 'காலேஜ் முடியுற வரைக்கும்தான்' என்பது வீட்டில் போட்ட ஒப்பந்தம். காலேஜ் முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது. நடுவில் ஒரு வருடம் கொரோனா தின்றது என்பதற்காக அதை நீட்டிக்க எந்தச் சங்கமும் சுற்றறிக்கை அனுப்ப முடியாது.

ஒரு சான்றிதழின் விலை

ஒரு வருடம் ஆடாமல் போனால் என்ன பெரிய இழப்பு என்று கேட்கலாம். ஆசையை விடுங்கள், காகிதத்தைப் பார்ப்போம்.

மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கச் சில படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 2. பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 3. இந்த மூன்றாவதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் நேரடியாகக் கையெழுத்துப் போட வேண்டும். நாட்டுக்காக ஆடுவது லட்சத்தில் ஒருவருக்கு. மாநில அணிக்குள் நுழையவும் பெரும் போட்டி. கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருப்பது அந்தப் படிவம் 3 மட்டும்தான். தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் கண்ணுக்கு முன்னால் தெரியும் கனவு, ரயில்வே. தெற்கு ரயில்வேயும் பெரம்பூர் ஐ.சி.எஃப்-பும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. தினமும் போகிற ரயிலிலேயே வேலை! ஆனால், அங்கே பங்கேற்புச் சான்றிதழ் மட்டும் போதாது. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி என்றால் பெரும்பாலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்திருக்கக் கேட்பார்கள். எந்தத் தேதிக்குப் பிறகு பெற்ற வெற்றி செல்லும் என்றும் அறிவிப்பில் ஒரு வரி இருக்கும். பழைய மெடல் காலாவதியாகிவிடும். வயது 18-லிருந்து 25 வரை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வயதுத் தளர்வு கிடையாது.

ஒரு சீசன் போனால் ஒரு சான்றிதழ் போகிறது. அந்தச் சான்றிதழ் போனால், நிரந்தர வேலைக்கும் கான்ட்ராக்ட் வேலைக்கும் நடுவில் இருந்த ஒரு கதவு சாத்திக்கொள்கிறது.

கொடுத்தவர்கள், கைவிட்டவர்கள்

தொலைந்த காலத்தைத் திருப்பித் தருவது நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. மனசு வைத்த இடங்களில் நடந்திருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக் ஒரு வருடம் தள்ளிப்போனபோது, 23 வயதுக்கு உட்பட்டோர் ஆடும் ஆண்கள் கால்பந்தில் வரம்பை 24 ஆக்கினார்கள். 2020-ல் தகுதி பெற்றிருந்த யாரும் 2021-ல் வயதைக் காட்டி வெளியே அனுப்பப்படவில்லை. ஹாங்சோ ஆசிய விளையாட்டு 2023-க்குத் தள்ளிப்போனபோதும் அதே ஏற்பாடு. நம் கிரிக்கெட் வாரியமும் 2021-22-ல் சி.கே.நாயுடு கோப்பையின் வயது வரம்பை 23-லிருந்து 25-க்கு ஏற்றியது. ரத்தான 2020-21 ரஞ்சி சீசனுக்கு ஆட்டச் சம்பளத்தில் பாதியை இழப்பீடாகவும் அறிவித்தது. பணம் இருக்கிற வாரியம், கொடுத்தது.

கைவிடப்பட்டவர்களும் உண்டு. 17 வயதுக்கு உட்பட்ட பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை 2020 நவம்பரில் இந்தியாவில் நடக்க வேண்டியது. 2021 பிப்ரவரிக்குத் தள்ளியபோது பழைய வயதுத் தகுதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆனால், பிறகு அந்தப் போட்டியே ரத்து. 2022 அக்டோபரில் இந்தியாவில் நடந்தபோது 2005-லும் அதற்குப் பின்பும் பிறந்தவர்களுக்குத்தான் அனுமதி. 2003, 2004-ல் பிறந்து, சொந்த மண்ணில் உலகக் கோப்பை ஆடப் போகிறோம் என்று முகாமில் வியர்வை சிந்திய பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

விளையாட்டுக்கு வெளியேயும் இதே வழக்குதான். கொரோனாவால் கடைசி வாய்ப்பு பாழானது, இன்னொரு முறை எழுத விடுங்கள் என்று கேட்ட யு.பி.எஸ்.சி தேர்வர்களின் மனுவை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 24-ல் தள்ளுபடி செய்தது. அதே வருடம் செப்டம்பரில் தமிழக அரசு வேறு முடிவு எடுத்தது. கொரோனாவால் ஆள் சேர்ப்பு தாமதமானதைக் காரணமாகச் சொல்லி, அரசு வேலை நேரடி நியமனத்துக்கான உச்ச வயதை 30-லிருந்து 32 ஆக்கியது. டி.என்.பி.எஸ்.சி கோச்சிங் போகிறவர்களுக்கு அது நிஜமாகவே கை கொடுத்தது.

தேர்வு எழுதுகிறவருக்கு வயதைக் கொடுத்தால் போதும், வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். கல்லூரி வீரருக்கு அது போதாது. 2021-ல் டிகிரி முடித்தவர் ஒரே ஒரு சீசனுக்குத் தன் பழைய கல்லூரி ஜெர்சியிலேயே தேர்வுக்கு வரலாம் என்று சொல்லியிருந்தால்? செலவு பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. அடுத்த வருட மாணவர்களின் இடத்தை அது கொஞ்சம் நெருக்கியிருக்கும், அமெரிக்காவில் நடந்த மாதிரி. அந்தச் சங்கடம் நியாயமானதுதான். ஆனாலும், இரண்டு தரப்பையும் எடைபோட்டு ஒரு முடிவு எடுப்பதற்கும், ஒரு பேட்ச்சையே பேசாமல் கடந்து போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இது கொரோனாவோடு முடிந்த பேச்சும் இல்லை. வடகிழக்குப் பருவமழை வரும் அதே மாதங்களில்தான் பல்கலைக்கழகப் போட்டிகளின் பரபரப்பும் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது திருவள்ளூர் மாவட்டக் கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டார்கள். எண்ணூர், பொன்னேரி பக்கமெல்லாம் தண்ணீர். மண் மைதானத்தில் தண்ணீர் நின்றால், வடிந்து காய்ந்து கோடு போட எத்தனை நாள் ஆகும் என்று கபடி ஆடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். சென்னையில் உள்விளையாட்டரங்கம் வைத்திருக்கும் கல்லூரி மழையிலும் பயிற்சி செய்யும்.

35 வயது வரை ஒரு கோப்பை

இப்போது கல்லூரியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளலாம். கடைசி செமஸ்டரில் அரியரை மட்டும் எண்ணாமல், ஜூலை 1 அன்று தன் வயது என்ன, எந்த ரெகுலர் மேற்படிப்பில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, அதற்குக் கடைசித் தேதி எது என்பதையும் சீசன் முடிவதற்கு முன்பே உடற்கல்வி இயக்குநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. டி.சி கையில் வந்த பிறகு கேட்டால் நேரம் தாண்டியிருக்கும்.

டிகிரி முடித்து சிப்காட்டுக்குப் போய்விட்டவர்களுக்கும் ஒரு மேடை இருக்கிறது. தமிழக அரசின் முதலமைச்சர் கோப்பையில் 2023-லிருந்து பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு, அரசு ஊழியர், மாற்றுத்திறனாளி என்று ஐந்து பிரிவுகள். கல்லூரிப் பிரிவுக்கு 17-லிருந்து 25 வயது. பொதுப்பிரிவுக்கு 15-லிருந்து 35 வரை. படிக்கிறாரா, வேலை பார்க்கிறாரா என்ற கேள்வி அங்கே இல்லை. கபடி உண்டு, வாலிபால் உண்டு. பல்கலைக்கழகச் சான்றிதழுக்கு அது ஈடாகாது, படிவம் 3-ஐ அது தராது. ஆனால், கோடு போட்ட மைதானமும் விசில் வைத்திருக்கும் நடுவரும் அங்கே உண்டு.

2018-ல் கல்லூரியில் சேர்ந்த அந்த பேட்ச் 2025-26-ல் 25 வயதைத் தொட்டுவிட்டது. ரயில்வேயின் வரம்பும், ஏ.ஐ.யு-வின் வரம்பும் அவர்களுக்கு ஒன்றாக முடிகின்றன. பொதுப்பிரிவில் மட்டும் இன்னும் பத்து வருடம் பாக்கி. மாவட்டப் போட்டி நடக்கும் நாளில் நைட் ஷிஃப்ட் விழுந்தால், மாற்றிக்கொள்ள ஓர் ஆள் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான்.